வால் போய்விட்டது, தசை போகவில்லை

பட்டாசு வெடிக்கும்போது தெரு நாயைக் கவனித்திருக்கிறீர்களா? ஓடுவதற்கு முன்பே அது வாலைக் கால்களுக்கு நடுவே இழுத்துச் செருகிக்கொள்ளும். அந்த இழுப்பைச் செய்யும் தசைகள் அதன் இடுப்பெலும்புக்குள், அடிப்பகுதியில் இருக்கின்றன.

நமக்கும் அதே தசைகள் உண்டு. நம் மூதாதையரான வாலில்லாக் குரங்கினம் சுமார் 2.5 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வாலை இழந்தது. வாலின் மிச்சமாக முதுகெலும்பின் நுனியில் ஒரு சிறு எலும்பு மட்டும் தங்கியது. தசைகளோ எங்கும் போகவில்லை. மனிதன் இரண்டு காலில் நிமிர்ந்து நின்றதும் அவற்றுக்கு வேறு வேலை கிடைத்தது. முன்பக்க இடுப்பெலும்பிலிருந்து பின்பக்க வாலெலும்பு வரை, குழந்தையைப் போடும் தூளியைப் போல அவை விரிந்து கிடக்கின்றன. குடல், சிறுநீர்ப்பை எல்லாவற்றையும் தாங்குகின்றன. சிறுநீரையும் மலத்தையும் அடக்கவேண்டிய நேரத்தில் இறுகி, விடவேண்டிய நேரத்தில் தளர்கின்றன. இதற்குப் பெயர் இடுப்புத்தளத் தசை.

பழைய பழக்கம் முழுவதும் போய்விடவில்லை. பயமோ மன அழுத்தமோ வந்தால் சிலருக்குத் தோள் இறுகும், சிலர் பல்லைக் கடிப்பார்கள், சிலருக்கு இந்தத் தூளி இறுகும். இப்போது உங்கள் கையை மடக்கி முஷ்டியாக்கி, இரண்டு நிமிடம் இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். வலிக்கும். அதையே நாள்கணக்கில், தெரியாமலே, இடுப்புக்குள் ஒருவர் செய்துகொண்டிருந்தால்?

ஆண்களுக்கு வரும் நாட்பட்ட கீழிடுப்பு வலியில் இதற்கு ஒரு பெரிய பங்கு இருக்கிறது. அடிவயிற்றில், விதைப்பைக்கும் மலவாய்க்கும் இடைப்பட்ட பகுதியில், சில வேளை ஆணுறுப்பின் நுனியில் வலி. உட்கார்ந்தால் கூடும். அடிக்கடி சிறுநீர் வரும், போய்வந்த பிறகும் மிச்சம் இருப்பது போலத் தோன்றும். மூன்று மாதங்களுக்கு மேல் இப்படி இருந்தால் மருத்துவர்கள் அதை நாட்பட்டது என்பார்கள்.

படிக்கவே கூச்சமாக இருக்கிறதா? பெரியவர்களுக்கும் அப்படித்தான். முட்டி வலி என்றால் கோயில் திருவிழாவில்கூட நான்கு பேரிடம் சொல்வார்கள், இதை மட்டும் மனைவியிடம்கூடச் சொல்லமாட்டார்கள். ஆனால் இது அபூர்வமான நோயல்ல. பினாங்கில் 20 முதல் 50 வயது வரையுள்ள 3,147 ஆண்களிடம் நடத்திய ஆய்வு 2003இல் வெளிவந்தது. அவர்களில் 8.7 விழுக்காட்டினருக்கு இதை ஒத்த அறிகுறிகள் இருந்தன. ஏறக்குறைய பன்னிரண்டு பேரில் ஒருவர். உங்கள் அப்பா, சித்தப்பா, மாமா, அண்ணன்மார் எல்லாரையும் விரல்விட்டு எண்ணிப் பாருங்கள்.

நீண்ட காலமாகப் பழி முழுவதும் புராஸ்டேட் சுரப்பியின் மேல் விழுந்தது. சிறுநீர்ப்பைக்குக் கீழே, பாதாம் கொட்டையைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கும் சுரப்பி அது. அங்கே கிருமி புகுந்திருக்கும் என்று எண்ணி நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கொடுப்பார்கள். குறையாவிட்டால் இன்னொன்று. கிருமியால் வரும் அழற்சி உண்மையிலேயே உண்டு, அதற்கு அந்த மருந்து கட்டாயம் வேண்டும். ஆனால் இந்த அறிகுறிகளோடு வருபவர்களில் மிகப் பெரும்பாலோரைப் பரிசோதித்தால் கிருமி எதுவும் அகப்படுவதில்லை. 2004இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், நாட்பட்ட வலி உள்ள 196 ஆண்களுக்கு ஆறு வாரம் மருந்து கொடுத்தார்கள். சிலருக்கு சிப்ரோஃபிளாக்சசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி, சிலருக்குத் தசையைத் தளர்த்தும் டம்சுலோசின், சிலருக்கு இரண்டும், சிலருக்கு மருந்தே இல்லாத போலி மாத்திரை. மருந்து சாப்பிட்டவர்கள் போலி மாத்திரைக்காரர்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவு தேறவில்லை.

கிருமியும் இல்லை, காயமும் இல்லை. பின் ஏன் வலி நிற்பதில்லை?

1983இல் கிளிஃபோர்டு வுல்ஃப் என்ற ஆய்வாளர் ‘நேச்சர்’ இதழில் ஒரு விளக்கத்தைக் கொடுத்தார். அடிபட்ட இடத்திலிருந்து வலிச் செய்தி மீண்டும் மீண்டும் வந்தால், முதுகுத் தண்டில் உள்ள நரம்புகளே கூடுதல் கூர்மை அடைந்துவிடுகின்றன. அதன் பிறகு சின்னத் தொடுகையும் பெரிய வலியாகப் பதிவாகும். பக்கத்து வீட்டுக் காரின் அபாயமணியை நினைத்துக்கொள்ளுங்கள். திருடன் வந்தால் அலறவேண்டிய மணி, பூனை மேலே ஏறினாலும் அலறுகிறது. காரில் திருடன் இல்லை என்பதற்காக அலறல் பொய்யாகிவிடாது, நீங்கள் தூங்க முடியாமல் தவிப்பதும் உண்மைதான். ‘எல்லாம் உன் மனப்பிரமை’ என்று வலிக்காரரிடம் சொல்வது அதனால்தான் தவறு. மணி கெட்டிருக்கிறது, அதைச் சரிசெய்ய வேண்டும்.

சரிசெய்யும் வேலையில் மாத்திரையைவிட அன்றாடப் பழக்கங்களுக்கு அதிக இடம் இருப்பதுதான் இந்த நோயின் வியப்பு.

நடையை எடுத்துக்கொள்வோம். இத்தாலியில், மருந்தெல்லாம் சாப்பிட்டும் நிறைவில்லாத, உடற்பயிற்சிப் பழக்கமும் இல்லாத 103 ஆண்களை இரண்டு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழு வாரத்தில் மூன்று முறை வேகமாக நடந்தது. மற்றக் குழு அதே அளவு உடலை நீட்டி மடக்கும் இலேசான பயிற்சிகளைச் செய்தது. 18 வாரங்கள் கழித்துப் பார்த்தால் இரு குழுவுக்கும் முன்னேற்றம், நடந்தவர்களுக்கு அதைவிடக் கூடுதல் முன்னேற்றம். 2007இல் வெளிவந்தது இந்த ஆய்வு. நடக்கும்போது மூளை தன் சொந்த வலிநிவாரணிகளைச் சுரக்கிறது, மன அழுத்தம் குறைகிறது, தசைக்கு இரத்த ஓட்டம் கூடுகிறது. இவற்றில் எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்வது கடினம். ஆனால் 18 வாரம் என்பதைக் கவனியுங்கள். ஒரு வாரம் நடந்துவிட்டு ‘ஒன்றும் ஆகவில்லை’ என்று விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம்.

அடுத்தது மூச்சு. நம் வயிற்றறைக்குக் கூரை உதரவிதானம், தரை இடுப்புத்தளத் தசை. மூச்சை ஆழமாக இழுத்தால் கூரை இறங்கும், அதோடு தரையும் மெல்ல இறங்கித் தளரும். வெளிவிட்டால் இரண்டும் மேலேறும். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, வயிற்றில் கை வைத்துக்கொண்டு, மூச்சிழுக்கும்போது கை உயர்கிறதா என்று பாருங்கள். நெஞ்சு மட்டும் உயர்ந்தால் கூரை சரியாக இறங்கவில்லை என்று பொருள். ஐந்து நிமிடம் பழகினால் வந்துவிடும். தேர்வுக்கு முந்திய இரவில் வலி இல்லாதவர்களுக்கும் இது நல்லதுதான்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கைப்பேசியில் ‘இடுப்புத் தசைப் பயிற்சி’ என்று தேடினால் முதலில் வருவது கீகல் பயிற்சி. ஆர்னல்டு கீகல் என்ற அமெரிக்க மருத்துவர் 1948இல், பிள்ளை பெற்றபின் தசை தளர்ந்து சிறுநீர் கசியும் பெண்களுக்காக எழுதிய முறை அது. இறுக்கு, விடு, இறுக்கு, விடு. தளர்ந்த தசைக்கு அது மருந்து. ஏற்கெனவே இறுகி வலிக்கும் தசையை மேலும் இறுக்கினால் வலி கூடத்தான் செய்யும். இந்த வலி உள்ளவர்களுக்குத் தேவை இறுக்கக் கற்பதல்ல, விடக் கற்பது. எது தளர்ந்தது, எது இறுகியது என்பதைப் பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் பரிசோதித்துச் சொல்வார்.

உட்காரும் விதமும் இதில் சேரும். லோரி ஓட்டுநர், கணினி முன் எட்டு மணி நேரம் இருப்பவர், இரவெல்லாம் விளையாடும் அண்ணன் எல்லாரும் அந்தத் தூளியின் மேலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். அரைமணிக்கு ஒருமுறை எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வருவது பெரிய காரியமல்ல. சைக்கிள் பிரியர்களுக்கு இன்னொரு சேதி: ஒடுங்கிய இருக்கை இடுப்பின் இரு உட்காரும் எலும்புகளைத் தாங்காமல், நடுவில் ஓடும் நரம்பை நசுக்கும். தொடைக்கு நடுவே மரத்துப்போனால் இருக்கையை மாற்றவேண்டும் என்று அர்த்தம், பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் பத்து கிலோமீட்டர் போகவேண்டும் என்றல்ல.

கழிப்பறையையும் விடுவதற்கில்லை. இடுப்புத்தளத்தின் ஒரு தசை, மலக்குடலைச் சுற்றி முன்னோக்கி இழுத்து, தண்ணீர்க் குழாயை மடித்துப் பிடிப்பது போல மடித்து வைத்திருக்கிறது. குந்தி உட்கார்ந்தால் மடிப்பு நிமிரும், முக்க வேண்டியதில்லை. நம் பாட்டி வீட்டுக் குந்தும் கழிப்பறை இந்த விஷயத்தில் ஹோட்டல் கழிப்பறையை வென்றுவிடுகிறது. நாற்காலி போன்ற கழிப்பறை என்றால் காலடியில் ஒரு சிறு முக்காலி போதும். பள்ளிக் கழிப்பறையின் நாற்றத்துக்குப் பயந்து மதியம்வரை அடக்கிவைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: அடக்குவது என்றால் இதே தசையை மணிக்கணக்கில் இறுக்கிப் பிடிப்பதுதான்.

இனி உணவு. சிலருக்குச் சம்பால், கோப்பி, தே, பெரியவர்களுக்கு மது ஆகியவை வலியைத் தூண்டுகின்றன. எல்லாருக்கும் அல்ல. உங்கள் வீட்டில் ஒருவருக்கு இந்த வலி இருந்தால், தமிழ்ப்பள்ளியில் படித்த அறிவியல் செயற்பாங்குத் திறனை இங்கே பயன்படுத்தலாம். சந்தேகப்படும் உணவு தற்சார்பு மாறி. தினமும் இரவில் 0 முதல் 10 வரை அவர் கொடுக்கும் வலி மதிப்பெண் சார்பு மாறி. இரண்டு வாரம் சந்தேகப் பொருள் எல்லாவற்றையும் நிறுத்தி, பிறகு ஒவ்வொன்றாக, சில நாள் இடைவெளி விட்டுத் திரும்பச் சேர்க்கவேண்டும். கோப்பியையும் சம்பாலையும் ஒரே நாளில் சேர்த்தால் குற்றவாளி யாரென்று தெரியாது. நாசி லெமாக்கை ஆயுள் முழுக்கத் தியாகம் செய்வதற்கு முன் அது நிரபராதியா என்று பார்த்துவிடுவது நல்லதல்லவா?

பினாங்கிலிருந்தே இன்னொரு ஆய்வும் வந்தது, 2008இல். இந்த வலி உள்ள 89 ஆண்களுக்குப் பத்து வாரத்தில் இருபது முறை ஊசிக் குத்துச் சிகிச்சை. 44 பேருக்கு உரிய புள்ளிகளில் குத்தினார்கள். 45 பேருக்குப் புள்ளியை விட்டுச் சற்று விலகி, மேலோட்டமாகக் குத்தினார்கள். உண்மைக் குழுவில் 32 பேரும் போலிக் குழுவில் 21 பேரும் தேறினார்கள். முதல் எண்ணைப் பார்த்துவிட்டு ‘ஊசி வென்றது’ என்று விளம்பரம் செய்யலாம். எனக்கு இரண்டாவது எண்தான் சுவையானது. போலி ஊசிக்கே ஏறத்தாழ பாதிப் பேர் தேறியிருக்கிறார்கள். யாரோ ஒருவர் வாரம் இருமுறை கவனித்துப் பார்ப்பதும், நல்லது நடக்கும் என்ற எதிர்பார்ப்பும் அந்த அபாயமணியின் ஒலியைக் குறைக்கின்றன. அதனால்தான் எந்தச் சிகிச்சையையும் போலியோடு ஒப்பிடாமல் மதிப்பிடக்கூடாது என்கிறார்கள். அடுத்த முறை ‘நூற்றுக்கு எழுபது பேருக்குக் குணம்’ என்ற மூலிகை எண்ணெய் விளம்பரத்தைப் பார்த்தால், போலி எண்ணெய் தேய்த்தவர்களில் எத்தனை பேர் என்று கேளுங்கள்.

மேலே சொன்ன நடை, மூச்சு, உணவு எல்லாம் மருத்துவர் பார்த்து, வேறு நோய் இல்லை என்று உறுதி செய்த பிறகுதான். காய்ச்சலோடு வலி, சிறுநீரில் இரத்தம், சிறுநீரே வராமல் அடைத்துக்கொள்வது, விதையில் கட்டி ஆகியவற்றில் எது இருந்தாலும் வீட்டில் வைத்துப் பார்க்கக்கூடாது.

உங்கள் வயதுப் பையன்கள் நினைவில் வைக்கவேண்டியது இன்னொன்று. விதையில் திடீரென்று கடும் வலி வந்து, ஒரு பக்கம் வீங்கி மேலேறி, வாந்தியும் வந்தால் அது நாட்பட்ட வலி அல்ல. விதை தன் இரத்தக் குழாயோடு முறுக்கிக்கொண்டிருக்கலாம். பதின்ம வயதில்தான் இது அதிகம் வருகிறது. சில வேளை அடிவயிறு மட்டுமே வலிக்கும். சுமார் ஆறு மணி நேரத்துக்குள் அறுவை செய்து முறுக்கைப் பிரித்தால் விதையைப் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். நேரம் போகப் போக வாய்ப்புக் குறையும். இரவு இரண்டு மணி என்றாலும் அம்மாவையோ அப்பாவையோ எழுப்புங்கள். வார்த்தை வராவிட்டால் ‘கீழே வலிக்கிறது, ஆஸ்பத்திரிக்குப் போகணும்’ என்ற இரண்டே வாக்கியம் போதும். காலையில் கிளினிக் திறக்கட்டும் என்று காத்திருக்காமல் நேரே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். வண்டி இல்லையென்றால் மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995.