பூனைக்குக் கூடையில் தொடங்கும் வைத்தியம்

கடலூர், சிதம்பரம் பக்கத்துக் கால்நடை மருத்துவமனைகளுக்கு மாடும் நாயும் கயிற்றோடு வரும். பூனை கட்டைப்பையில் வரும், சில நேரம் சாக்கில். மேசையில் விட்டதும் கண்மணி விரிந்து, காது படிந்து, உடம்பு நடுங்கும். அந்த நேரத்தில் ரத்தம் எடுத்தால் சர்க்கரை எகிறியிருக்கும். பயத்தில் சுரக்கும் அட்ரினலின் கல்லீரலிலிருந்து குளுக்கோஸை அவிழ்த்துவிடும். நீரிழிவே இல்லாத பூனைக்கும் இப்படித்தான். சந்தேகம் தீர, முந்தைய சில வாரங்களின் நிலவரத்தைச் சொல்லும் ஃப்ரக்டோசமைன் சோதனை தேவைப்படலாம். ரத்த அழுத்தமும் இதேபோல் ஏமாற்றும். பூனையின் பயத்தைத் தணிப்பதைச் செல்லம் கொடுப்பதாகப் பார்க்கிறார்கள். என் கணக்கில் அது நோயறிதலின் முதல் படி.

பூனை இடத்தை நம்பி வாழும் பிராணி. கதவிலும் நம் காலிலும் கன்னத்தைத் தேய்த்துத் தன் வாசனையைப் பூசி வைக்கும். வாசல் தாண்டினால் அந்த வாசனை இல்லை. போதாததற்குக் காது வேறு: நமக்கு 20,000 ஹெர்ட்ஸோடு முடிகிற ஒலி அதற்கு 60,000-க்கு மேலும் கேட்கும். சிதம்பரம் பஸ்ஸின் ஏர் ஹாரனை அந்தக் காதோடு கேட்டுப் பாருங்கள்.

ஊசி போடும் அன்று மட்டும் பரணிலிருந்து கூடையை இறக்கினால் பூனை பீரோவுக்கு அடியில் போய்விடும். மூடியுள்ள கெட்டியான கூடை எப்போதும் கூடத்திலேயே கிடக்கட்டும். உள்ளே பழைய லுங்கி, அவ்வப்போது உப்பில்லாமல் அவித்த மீன். சில வாரத்தில் அதுவே போய்ப் படுக்கும். மேல்பாதி கழல்கிற கூடையானால் இன்னும் நல்லது. அடிப்பாதியில் உட்கார்ந்தபடியே டாக்டர் பார்த்துவிடலாம். போகும்போது துண்டால் மூடுங்கள். காத்திருக்கும் இடத்தில் நாயின் மூக்குக்கு எட்டும்படி தரையில் வைக்காமல் மடியில் வையுங்கள்.

பிடரியைப் பிடித்துத் தூக்கினால் அடங்கும் என்பார்கள். தென்கலை வைணவர் சரணாகதிக்கு உவமை சொல்லும் மார்ஜார நியாயம், அதாவது பூனைக்குட்டி உவமை, தாய் கவ்விய குட்டிக்குத்தான் பொருந்தும். வளர்ந்த பூனையை அப்படிப் பிடித்தால் விறைக்கும், அடுத்த முறை பிறாண்டும். மிரளும் பூனைக்குக் கிளம்புமுன் கொடுக்க டாக்டர் காபாபென்டின் எழுதித் தருவதுண்டு. அளவு அவர் சொல்வதே. வீட்டிலிருக்கும் பாராசிட்டமாலைத் தொடாதீர்கள், பூனைக்கு அது விஷம்.

வீட்டில் இரண்டு பூனை இருந்தால் திரும்பி வந்ததை மற்றது சீறி விரட்டக்கூடும். அதன் மேல் மருத்துவமனை வாசனை. கொஞ்ச நேரம் தனி அறையில் விட்டு, வீட்டுத் துணியால் துடைத்த பிறகு சேர்த்துவிடலாம்.