ஒரே வரியில் வரும், ஒரே வரியில் போகாது

கணிதச் சூத்திரங்களை அச்சுக்கோக்க அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் கனூத் 1978-ல் உருவாக்கிய மென்பொருள் 'டெக்ஸ்'. ('டெக்' என்று உச்சரிப்பதே அவர் விருப்பம்.) உபுண்டு கம்ப்யூட்டரில் 'சுடோ ஆப்ட் இன்ஸ்டால் டெக்ஸ்லைவ்-ஃபுல்' என்று ஒரு வரி அடித்தால் போதும், பல ஜிகாபைட் இறங்கிவிடும். ஹார்ட் டிஸ்க் நிரம்பி, ஆய்வேட்டைச் சேமிக்க இடமின்றி மாணவர் தவிக்கும்போதுதான் வினை. 'இன்ஸ்டால்' இருந்த இடத்தில் 'ரிமூவ்' போட்டால் சில கிலோபைட்தான் மிஞ்சும். அந்தப் பெயரில் இருப்பது வெறும் பட்டியல். சரக்கெல்லாம் தனித்தனித் தொகுப்புகளில். அடுத்து 'சுடோ ஆப்ட் ஆட்டோரிமூவ்' கொடுத்தால்தான், கேட்பாரற்றுக் கிடக்கும் அவை வெளியேறும். ('ஒய்' தட்டுமுன் பட்டியலை வாசித்துவிடுங்கள், வேறு தொகுப்புகளும் அதில் இருக்கலாம்.) அமைப்புக் கோப்புகளும் ஒழிய 'பர்ஜ்' வேண்டும். உங்கள் சொந்த ஃபோல்டரில் டெக்ஸ் விட்டுச்சென்றதை அதுவும் தொடாது. கையால்தான் அழிக்க வேண்டும்.