பணம் இருக்கு... ஆனா எடுக்க முடியலையா? ஜெர்மனியில் வங்கிக் கணக்கு தொடங்குவது எப்படி?

ஜெர்மனிக்குப் படிக்கப் போகும் இந்திய மாணவர்கள் பலரும் விசாவுக்காக 11,904 யூரோவை ‘பிளாக்டு அக்கவுண்ட்’டில் போட்டு வைக்கிறார்கள். 2024 செப்டம்பரில் இருந்து இதுதான் கணக்கு. அதிலிருந்து மாதம் 992 யூரோதான் வரும். அதை வாங்கவும் அங்கே ஒரு நடப்புக் கணக்கு வேணும். அது இல்லைன்னா, சொந்தப் பணம் இருந்தும் வாடகை கட்ட முடியாது!

முதல்ல என்ன செய்யணும்?

குடியேறிய 2 வாரத்துக்குள் உள்ளூர் அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்யணும். வாடகை ஒப்பந்தம் மட்டும் போதாது. வீட்டு உரிமையாளர் கையெழுத்திட்ட உறுதிக் கடிதம் கட்டாயம். அங்கே தரும் பதிவுச் சான்றிதழ், பாஸ்போர்ட், விசா ஆகியவற்றைத்தான் வங்கிகள் பொதுவாகக் கேட்கும்.

வங்கி மறுத்தால்?

பயப்பட வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டப்படி தங்கியிருக்கும் யாரும் ‘பாசிஸ்கோன்டோ’ என்ற அடிப்படைக் கணக்கு கேட்கலாம். 2016 ஜூன் முதல் இது சட்ட உரிமை. நிரந்தர முகவரி இல்லாதவர்களுக்கும் உண்டு. விண்ணப்பித்த 10 வேலை நாட்களுக்குள் வங்கி பதில் தரணும். மறுத்தால், நிதிக் கண்காணிப்பு அமைப்பான ‘பாஃபின்’ இடம் முறையிடலாம். மாதக் கட்டணம் எவ்வளவுன்னு மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கோங்க.

அறைக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன், ‘பதிவுக்கான கடிதம் தருவீங்களா?’ன்னு உரிமையாளரிடம் கேட்டுடுங்க. மத்ததெல்லாம் அதுக்கு அப்புறம்தான்!