சம்பள நாள் சாப்பாடு: வாய் கேட்பது எது, உடம்பு கேட்பது எது?

சம்பளம் கைக்கு வந்துவிட்டால், அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமை தோட்டத்தில் ஆளைப் பார்க்க முடியாது. ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா, மஸ்ஜித் தானா என்று அவரவர்க்குப் பக்கத்தில் உள்ள பட்டணத்துக் கடைவீதியில்தான் பார்க்க வேண்டும். கை கொஞ்சம் தாராளமாக இருந்தால் மலாக்கா நகருக்கே பயணம். மளிகைச் சாமான், பிள்ளைகளுக்குச் சப்பாத்து, வீட்டுக்காரம்மாவுக்கு ஒரு சேலை, இவற்றோடு கட்டாயம் ஒருவேளை கடைச் சாப்பாடு.

"மாசம் முச்சூடும் வெயில்லயும் மழையிலயும் கெடக்குறோம். ஒருநாள் கடையில உக்காந்து சாப்பிடக் கூடாதா?" என்று கேட்பவரை யார் குறை சொல்ல முடியும்? தாராளமாகச் சாப்பிட வேண்டும். உழைத்தவர் காசு, உழைத்தவர் வயிறு.

ஆனால் ஒன்றை மறந்துவிடலாகாது. கடையில் வாங்கும் பொருளுக்கு இரண்டு விலை உண்டு. ஒன்று, கல்லாவில் நாம் கொடுப்பது. மற்றொன்று, பல வருடம் கழித்து உடம்பு கொடுப்பது. இந்த இரண்டாவது விலையை எந்தக் கடைக்காரரும் பலகையில் எழுதிப் போடுவதில்லை. ஆகவே, நாம் வழக்கமாகச் சாப்பிடுவதையும் குடிப்பதையும் ஒவ்வொன்றாக எடுத்து, இரண்டு விலையையும் இங்கே நிறுத்துப் பார்ப்போம்.

வாழையிலைச் சோறு

மலாக்கா நகரில் ஜாலான் பெண்டஹாரா, ஜாலான் தெமெங்கோங் பக்கம் போனால் நம்மவர் கடைகள் உள்ள லிட்டில் இந்தியா. இலையைப் போட்டு, சோறு வைத்து, இரண்டு மூன்று காய்கறி, பருப்பு அல்லது சாம்பார், ரசம், அப்பளம், மோர் என்று வரும் சாப்பாட்டுக்கு ஈடு எது? கொடுத்த காசுக்கு மனநிறைவு தருவதில் முதல் மதிப்பெண் இதற்குத்தான். காய், பருப்பு, மோர் எல்லாம் ஒரே இலையில் கிடைத்துவிடுகின்றன.

குறை சாப்பாட்டில் இல்லை, சாப்பிடும் முறையில் இருக்கிறது. பல கடைகளில் சோறு கேட்கக் கேட்க வரும் என்பதால், காயை ஒதுக்கிவிட்டுச் சோற்றை மூன்று தடவை வாங்குகிறோம். "இன்னும் கொஞ்சம் கீரை போடுங்க அண்ணே" என்று கேட்பவர் குறைவு. கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் முகம் சுளிக்காமல் போடுவார்கள்.

இன்னொன்று: நண்டு, இறால், மீன் தலை என்று கைகாட்டுமுன் விலையைக் கேட்டுவிடுங்கள். சாப்பாட்டுக் கடையில் விலையை எழுதி வைக்க வேண்டும் என்பது நாட்டின் சட்டம். கேட்பதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? கை கழுவிவிட்டு வந்து பில்லைப் பார்த்துத் திகைப்பதைவிட, முன்னால் கேட்பது மரியாதை.

ரொட்டி சானாயும் நாசி லெமாக்கும்

காலைப் பசியாற இவ்விரண்டும்தான் நமக்குக் கைகொடுப்பவை. ரொட்டி சானாய் கோதுமை மாவும் எண்ணெயும் சேர்ந்தது. வயிற்றை அடைக்கும். ஒரு ரொட்டியில் முட்டை ஊற்றச் சொல்லி, பருப்புக் கறியை நன்றாக ஊற்றிச் சாப்பிட்டால் பால் வெட்டுக்கோ குலை வெட்டுக்கோ போகிறவருக்குத் தாங்கும். வெறும் ரொட்டி மூன்றைச் சீனியைத் தொட்டுத் தின்றுவிட்டு, மேலே ஒரு தே தாரிக்கும் குடித்தால், பத்து மணிக்கெல்லாம் கண் சொருகும்.

நாசி லெமாக் பொட்டலம் சின்னதாக இருந்தாலும் சாமர்த்தியமான சாப்பாடு. தேங்காய்ப்பால் சோறு, சம்பால், நெத்திலி, நிலக்கடலை, வெள்ளரிக்காய், முட்டை என்று ஒரு பிடிக்குள் எல்லாம் இருக்கிறது. தேங்காய்ப்பால் கொழுப்பு என்பதால் தினந்தோறும் வேண்டாம், வாரத்தில் ஓரிரு நாள் போதும். முட்டையும் நெத்திலியும் இல்லாமல் சோறும் சம்பாலும் மட்டும் இருந்தால், வாங்குமுன் யோசியுங்கள்.

மலாக்காவுக்கே உரியவை

மலாக்கா வந்துவிட்டு அசாம் பெடாஸ் சாப்பிடாமல் போகலாமா? புளியும் மிளகாயும் சேர்ந்த மீன் குழம்பு, வெண்டைக்காயோடு வரும். நம் மீன் குழம்புக்கு அக்காள் தங்கை முறை. மீனும் காயும் இருப்பதால் உடம்புக்கும் நல்லதே. சோற்றை உருண்டையாகப் பிடித்துக் கோழியோடு தரும் சீனர் கடைச் சாப்பாடும் பேர் பெற்றது. பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஆனால் சோற்று உருண்டையை எண்ணிச் சாப்பிட வேண்டும். சின்னதுதானே என்று எண்ணாமல் போட்டால் கணக்குத் தவறிவிடும்.

காஜா பெராங்கில் வாழும் மலாக்கா செட்டிகளை நாம் மறந்துவிடக் கூடாது. மலாக்கா சுல்தான்கள் காலத்தில் வணிகம் செய்ய வந்து, இந்த மண்ணின் பெண்களை மணந்து தங்கிவிட்ட தமிழர்களின் வழிவந்தவர்கள் அவர்கள். வீட்டில் பேசுவது மலாய். கும்பிடுவது நம் சாமி. சமையலில் நம் மசாலையும் மலாய்க்காரர் கைப்பக்குவமும் கலந்திருக்கும். நம் சாப்பாடு எத்தனை ஊர்த் தண்ணீர் குடித்தாலும் அடையாளம் மாறாது என்பதற்கு அவர்கள் அடுப்படியே சாட்சி.

வெயிலுக்குச் செண்டோல். தேங்காய்ப்பால், பச்சை மாவுத் துண்டு, மேலே குலா மலாக்கா. நம் கருப்பட்டியைப் போலக் காய்ச்சி எடுக்கும் வெல்லம் அது. மணம் அருமை. "வெல்லம்தானே, சீனி இல்லையே" என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். இரத்தத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது. வீட்டில் நான்கு பேர் என்றால் இரண்டு கிண்ணம் வாங்கிப் பங்கிட்டுக்கொள்ளுங்கள்.

டின் பாலின் கதை

இனிமேல்தான் உண்மையான கணக்கு வருகிறது. கடையில் நம் கண் முன்னால் வேகும் சாப்பாட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம். டின்னுக்குள்ளும் பொட்டலத்துக்குள்ளும் இருப்பது தெரிவதில்லை.

கட்டிப்பால் இல்லாத தோட்டத்து வீடு உண்டா? பிள்ளை அழுதால் கட்டிப்பால், விருந்தாளி வந்தால் கட்டிப்பால் என்று ஒரு காலம் இருந்தது. கைக்குழந்தைக்கே அதைக் கரைத்துக் கொடுத்தார்கள். இதை எதிர்த்து முதலில் குரல் கொடுத்தவர்களில் ஒருவர் சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் டாக்டர். 1936-இல் மலாயாவுக்கு வந்து வேலை செய்தவர். 1939-இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில், "பாலும் கொலையும்" என்ற பொருள்படும் தலைப்பில் பேசி, தாய்ப்பாலுக்குப் பதிலாக இனிப்புக் கட்டிப்பாலைக் கொடுக்கும்படி விளம்பரம் செய்வதால் குழந்தைகள் சாகின்றன என்று பெரிய மனிதர்கள் முகத்துக்கு நேரே சொன்னார். உலகச் சுகாதார மன்றம் தாய்ப்பால் மாற்று உணவுகளின் விற்பனைக்கு நெறிமுறை வகுத்தது 1981-இல். இடையில் ஓடிய வருடங்கள் 42!

இன்று யாரும் கைக்குழந்தைக்குக் கட்டிப்பால் கொடுப்பதில்லை என்று நம்புவோம். ஆனால் பெரியவர்களாகிய நாம் விட்டோமா? கட்டிப்பாலில் ஏறத்தாழ பாதி எடை சீனி. ஒரு மேசைக் கரண்டி சுமார் 20 கிராம் என்றால், அதில் 10 கிராம் சீனி. ஒரு கோப்பை தே தாரிக்கில் இரண்டு கரண்டி போட்டால் 20 கிராம். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, கூட்டாளி கூப்பிட்டால் இன்னொன்று. கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்ன அளவு என்ன தெரியுமா? தனியாகச் சேர்க்கும் சீனி நாளொன்றுக்கு 25 கிராமுக்குள், அதாவது சுமார் 6 தேக்கரண்டிக்குள் இருந்தால் நல்லது என்பது.

டின் தண்ணீர்

பட்டணம் போனால் பிள்ளைகள் முதலில் கேட்பது டின் தண்ணீர். டின்னின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். 100 மில்லிக்கு 10 கிராம் சீனி என்று போட்டிருந்தால், 320 மில்லி டின்னில் 32 கிராம். அது 8 தேக்கரண்டி. வீட்டில் ஒரு கிளாஸ் தண்ணீரில் 8 கரண்டி சீனி போட்டுப் பிள்ளை குடித்தால் அடிக்க ஓடுவோம். டின்னில் வந்தால் நாமே காசு கொடுத்து வாங்கித் தருகிறோம்.

இதைப் பார்த்துத்தான் அரசாங்கம் 1.7.2019 முதல், 100 மில்லிக்கு 5 கிராமுக்கு மேல் சீனி உள்ள டின், போத்தல் பானங்களுக்கு லிட்டருக்கு 40 காசு வரி போட்டது. 2024-இல் அது 50 காசானது. 2025-இல் மறுபடியும் ஏறியது. வரிக்குத் தப்பப் பல கம்பெனிகள் சீனியைக் குறைத்தன. நல்லதுதான். ஆனால் 100 மில்லிக்கு 5 கிராம் என்றாலும் ஒரு டின்னில் 16 கிராம் வந்துவிடுகிறதே! வரிக்குத் தப்பிய டின்னும் 4 கரண்டி சீனியோடுதான் வருகிறது.

மெகி மீயும் நம் செம்பனையும்

உடனடி மீயைக் கண்டுபிடித்தவர் ஜப்பானில் மொமொஃபுக்கு ஆண்டோ. வருடம் 1958. நம் நாட்டில் எந்தக் கம்பெனி மீயானாலும் நமக்கு "மெகி மீ"தான். வேலை முடிந்து அலுத்துப்போய் வரும் தாய்க்கு அடுப்படியில் இரண்டு நிமிடத்தில் வேலை முடிகிறது என்றால் அதைக் குற்றம் சொல்ல மனம் வராது.

ஆனால் அதன் தூள் பொட்டலத்தில் உப்பு அதிகம். ஒருநாள் முழுவதற்கும் ஒரு தேக்கரண்டி உப்பு, அதாவது 5 கிராமுக்குள், போதும் என்கிறார்கள் வைத்தியர்கள். ஒரு பொட்டலம் மீ அதில் ஏறக்குறைய பாதியைத் தின்றுவிடுவது சாதாரணம். வழி என்ன? தூளில் பாதியைப் போடுங்கள். ஒரு முட்டை உடைத்து ஊற்றுங்கள். வீட்டுக்குப் பின்னால் நிற்கும் முருங்கையில் ஒரு கைப்பிடி உருவிப் போடுங்கள். காசு செலவில்லாமல் அது சாப்பாடாகிவிடும்.

இதில் இன்னொரு வேடிக்கை. 1896-இல் தான் சாய் யான் என்பவர் மலாக்கா புக்கிட் லிந்தாங்கில் பால்மரத்தை வியாபாரப் பயிராக நட்டார். இன்று பல தோட்டங்களில் பால்மரம் போய்ச் செம்பனை நிற்கிறது. நாம் வெட்டிய குலை ஆலைக்குப் போய் எண்ணெயாகிறது. மீயைப் பொரிப்பது பெரும்பாலும் அந்த எண்ணெயில்தான். கடையில் கட்டிப்பால் என்று நினைத்து நாம் எடுக்கும் பல டின்களில் "கிரீமர் மானிஸ்" என்று போட்டிருக்கும். பால் கொழுப்புக்குப் பதில் செம்பனை எண்ணெய் சேர்த்தது அது. தோளில் சுமந்து அனுப்பியதை, விலை ஏற்றிப் பொட்டலத்தில் கட்டி நமக்கே விற்கிறார்கள். அனுப்பும்போது அதில் சீனியும் இல்லை, உப்பும் இல்லை!

ஐந்து வார்த்தை போதும்

பொட்டலத்தில் உள்ள எழுத்தைப் படிக்கப் பெரிய படிப்பு தேவையில்லை. சேர்ந்திருக்கும் பொருள்களை எடை அதிகமானதிலிருந்து குறைவானது வரை வரிசையாகப் போட வேண்டும் என்பது 1985 உணவு விதி. "கூலா" என்றால் சீனி. "காராம்" என்றால் உப்பு. "மின்யாக் சாவிட்" என்றால் செம்பனை எண்ணெய். முதல் இரண்டு மூன்று இடங்களுக்குள் கூலா இருந்தால், நீங்கள் வாங்குவது பெரும்பாலும் சீனிதான். "தாரிக் லூபுட்" என்பது காலாவதித் தேதி. மலிவு விற்பனையில் அதை முதலில் பாருங்கள். ஐந்தாவது வார்த்தை கோப்பிக் கடைக்கு: "கோசோங்". தே ஓ கோசோங் என்றால் பாலும் சீனியும் இல்லாத தேத்தண்ணி. உடனே அவ்வளவு தூரம் போக முடியாவிட்டால் "கூராங் மானிஸ்" என்று சொல்லி இனிப்பைக் குறைக்கச் சொல்லுங்கள். ஒரு மாதத்தில் நாக்குப் பழகிவிடும்.

இவ்வளவும் எதற்கு? 2019-இல் எடுத்த தேசியச் சுகாதாரக் கணக்கெடுப்பில், நாட்டில் 100 பெரியவர்களில் சுமார் 18 பேருக்கு இனிப்பு நீர். இந்தியர்களை மட்டும் தனியாக எண்ணினால் 100-க்கு 31 பேர். மூன்று பேர் ஒரு மேசையில் உட்கார்ந்து தே தாரிக் குடித்தால், ஒருவருக்கு இனிப்பு நீர் என்று அர்த்தம். கால் விரலில் பட்ட சின்ன முள் ஆறாமல் போய், காலையே எடுத்த கதை நமக்குப் புதிதா? கால் போனால் குலை வெட்டுவது யார், குடும்பத்தைத் தாங்குவது யார்?

"நமக்கெல்லாம் ஒண்ணும் இல்லலா" என்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 வெள்ளிதான் கட்டணம். அடுத்த தடவை பட்டணம் போகும்போது இரத்தத்தைச் சோதித்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்கும். ஆகவே ஒரு வேலை நாளில் லீவு கேட்டுப் போவதானாலும் போங்கள்.

கோயில் திருவிழாவில் தண்ணீர்ப் பந்தல் போடும் இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. சீராப் தண்ணீரைக் குறைத்து, நீர்மோரைப் பெருக்குங்கள் தம்பிகளே. பெரியவர்கள் மனதார வாழ்த்துவார்கள்.

சம்பள நாளில் கடைக்குப் போவோம். வாழையிலையில் வயிறாரச் சாப்பிடுவோம். பிள்ளைகளுக்கு ஆசைப்பட்டதை ஒருநாள் வாங்கிக் கொடுப்போம். வீடு திரும்பும் பையில் டின்னும் பொட்டலமும் குறைந்து, முட்டையும் பருப்பும் கீரையும் கூடியிருக்கட்டும். நம் உழைப்பை விற்கிறோம், அதற்குச் சம்பளம் உண்டு. உடம்பை யாருக்கும் விற்கவில்லை என்பது நினைவிருக்கட்டும்.