பல்லுக்கும் ஒரு பட்டை

கட்டைவண்டிச் சக்கரத்துக்குப் பட்டை போடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? காய்ச்சிய இரும்பு வளையத்தை மாட்டித் தண்ணீர் ஊற்றுவார்கள். அது சுருங்கி, மரத்துண்டுகள் விலகாமல் இறுக்கிப் பிடிக்கும்.

குடைந்து வேர்ச் சிகிச்சை செய்த கடைவாய்ப் பல், பட்டையில்லாத சக்கரம். மெல்லும்போது எதிர்ப்பல்லின் முனை ஆப்புப்போல் இறங்கி, மெலிந்த சுவர்களை விலக்கும். அவற்றைச் சேர்த்துப் பிடிக்கவே உறை. 'வலிதான் போய்விட்டதே' என்று நான் போடாமல் இருந்தேன். ஒருநாள் முறுக்கு கடித்தேன். பல் வேர்வரை பிளந்தது. பிடுங்க வேண்டியதாயிற்று. இயற்பியல் நடத்துபவனுக்கு இது வேண்டியதுதான்!

உறை பல்லின்மேல் சுருங்குவதில்லை, சிமெண்டால் ஒட்டப்படுகிறது. சுருக்கம் உதவுவது வேறிடத்தில். உலோக உறைமேல் பீங்கான் பூசி, சுமார் 900 டிகிரி செல்சியசில் சுடுவார்கள். ஆறும்போது உலோகம் சற்றே அதிகம் சுருங்கி, பீங்கானை நெருக்கத்தில் வைக்கிறது. இழுத்தால் எளிதில் விரிசல் விடும் பீங்கான், நெருக்கினால் நன்றாகத் தாங்கும். ஆனால் 'சற்றே' என்பதைக் கவனியுங்கள். வித்தியாசம் அளவு மீறினால் பீங்கான் பெயர்ந்துவிடும்.