முதலில் விழிக்கும் விசைகள்

நுழையும்முன்

எழுதுகோலைக் கையில் எடுப்பவர் தாம் அறிந்த எந்த மொழியிலும் எழுதலாம். கணினியோ, இயங்கத் தொடங்கும்போதே ஒரு மொழியையும் ஒரு விசை வரிசையையும் தேர்ந்துகொண்டு காத்திருக்கிறது. அத்தேர்வு எவ்வாறு அமைகிறது, பயன்படுத்துவோரை எப்படிப் பாதிக்கிறது, அதனை மாற்றுவது எங்ஙனம் என்பவற்றை விளக்குகிறது இப்பாடம்.

வடசென்னையில் மணலித் தொழிற்பகுதியை ஒட்டியுள்ள ஊர் சடையங்குப்பம். பெருமழைக் காலத்தில் வெள்ளம் சூழும் தாழ்நிலம் அது. அவ்வூர் மாணவி ஒருத்தி, தெருவில் தேங்கிய நீரைப் பற்றி மாநகராட்சிக்கு இணையவழி விண்ணப்பம் எழுத அமர்கிறாள் என்று கொள்வோம். கணினியை இயக்கி, விசைப்பலகையின் வலப்புறம் உள்ள எண்விசைகளால் கடவுச்சொல்லை இடுகிறாள். கட்டத்தில் ஒன்றும் பதியவில்லை. மேல்வரிசை எண்களைக் கொண்டு ஒருவாறு உள்நுழைந்து, ‘வெள்ளம்’ என்று எழுத முயல்கிறாள். திரையில் ஆங்கில எழுத்துகளே தோன்றுகின்றன. அவள் பிழை எதுவும் செய்யவில்லை. கணினி தொடங்கும்போதே நடைமுறைக்கு வந்துவிட்ட அமைப்புகள்தாம் இவ்விரு தடைகளுக்கும் காரணம்.

முன்னியல்பு

பயனர் எதையும் தெரிவு செய்யாத நிலையில் கணினி தானாக மேற்கொள்ளும் அமைப்பை முன்னியல்பு என்பர். மின்சாரம் பாய்ந்ததும், பயாஸ் போன்ற தொடக்க நிரல் விசைப்பலகையைச் சோதித்து ஆயத்தம் செய்கிறது. அடுத்து விண்டோஸ், லினக்ஸ் போன்ற இயக்க அமைப்பு பொறுப்பேற்கிறது. எந்த மொழியின் விசைப்பலகை செயற்படவேண்டும், ‘நம்லாக்’ எனப்படும் எண்பூட்டு விசை எந்நிலையில் இருக்கவேண்டும் என்பன போன்ற முடிவுகள் பயனர் ஒரு விசையையும் தொடுவதற்கு முன்பே எடுக்கப்பட்டுவிடுகின்றன.

இம்முடிவுகள் சிலவற்றுக்குப் பழைய வரலாறு உண்டு. 1981 ஆம் ஆண்டு ஐபிஎம் நிறுவனம் வெளியிட்ட தனியாள் கணினியின் விசைப்பலகையில் 83 விசைகளே இருந்தன. திசை விசைகளுக்குத் தனி இடம் இல்லை. எண்விசைகளே திசை விசைகளாகவும் பயன்பட்டன. இரு பயன்களையும் மாற்றி மாற்றிப் பெறுவதற்கே எண்பூட்டு தேவைப்பட்டது. 1986 இல் வந்த 101 விசைகள் கொண்ட பலகையில் திசை விசைகள் தனியே அமைந்தன. ஆயினும் எண்பூட்டு நீங்கவில்லை. இன்றும் அது அணைந்த நிலையில் தொடங்கும் கணினியில், வலப்புற எண்விசைகள் எண்களைத் தருவதில்லை. ‘கேப்ஸ் லாக்’ இயங்கியிருந்தாலும் இவ்வாறே கடவுச்சொல் பிழைபடும். கடவுச்சொல் புள்ளிகளாக மறைந்து தோன்றுவதால், பிழை எங்கே என்று கண்ணால் அறியவும் இயலாது.

தமிழும் விசை வரிசையும்

எண்பூட்டால் நேரும் இடர் ஒரு விசையில் தீர்ந்துவிடும். மொழி பற்றிய முன்னியல்பின் விளைவோ ஆழமானது. ஆங்கிலப் பலகையையே கண்ட மாணவி, தமிழை ஆங்கில எழுத்துகளில் ஒலிபெயர்த்து எழுதத் தலைப்படுகிறாள். அவ்வாறு எழுதும்போது லகரமும் ளகரமும் ஒரே எழுத்தாகிவிடுகின்றன. ‘வெள்ளம் வந்தது’ என்பதற்கும் ‘வெல்லம் வந்தது’ என்பதற்கும் வேறுபாடு இல்லாமற்போகிறது. தமிழின் பொருளைக் காக்கும் ஒலி வேறுபாடுகளே முதலில் பலியாகின்றன.

தமிழ் விசைப்பலகையைச் சேர்த்தாலும் சிக்கல் முற்றும் தீர்வதில்லை. விண்டோஸில் நெடுங்காலம் ‘தமிழ்’ என்ற பெயரில் கிடைத்தது இன்ஸ்கிரிப்ட் விசைப்பலகையே. இந்திய மொழிகள் பலவற்றுக்கும் பொதுவாக அமைந்த அப்பலகை, 1991 ஆம் ஆண்டின் இந்தியத் தர ஆவணத்தில் இடம்பெற்றது. ஒரு மொழியில் பழகியவர் மற்றொரு மொழியிலும் எளிதில் எழுதலாம் என்பது அதன் சிறப்பு. ஆனால் ண, ள, ழ, ற, ன ஆகிய ஐந்து எழுத்துகளுக்கும் அதில் ‘ஷிப்ட்’ விசையைச் சேர்த்து அழுத்தவேண்டும். தமிழில் மிகுதியாக வரும் னகரத்திற்கே இந்நிலை.

தமிழின் இயல்பை அடிப்படையாகக் கொண்டது தமிழ்99 விசைப்பலகை. 1999 ஆம் ஆண்டு பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி உருவான இதனைத் தமிழ்நாடு அரசு தரப்படுத்தியது. 12 உயிர், 18 மெய், ஆய்தம் என 31 எழுத்துகளும் ‘ஷிப்ட்’ விசையின் துணையின்றி அமைகின்றன. ஒரு மெய்யை இருமுறை அழுத்தினால் முதலெழுத்து தானே புள்ளி பெறும். ‘வெள்ளம்’ என்று எழுத வ, எ, ள, ள, ம, ஃ என்னும் 6 விசைகள் போதும். இன்ஸ்கிரிப்ட்டில் 7 விசைகள் வேண்டும். ளகரம் வரும் ஈரிடத்தும் ‘ஷிப்ட்’ விசையும் வேண்டும்.

ஆணையும் நடைமுறையும்

சிறந்த வரிசையை அறிவித்தால் மட்டும் மக்கள் அதற்கு மாறிவிடுவதில்லை. துருக்கி நாடு தன் மொழிக்கேற்ற விசை வரிசையை 1955 இல் தரப்படுத்தியது. தட்டச்சுப் பொறிகளில் அது வேரூன்றியது. பின்னர் வந்த கணினிகளோ ஆங்கில வரிசையைத் தழுவிய பலகைகளோடு இறங்கின. வாங்கியவர்கள் வந்ததையே பழகினர். இன்று அங்கும் அவ்வரிசையே பெருவழக்கு. கையில் கிடைத்த கருவி எப்படித் தொடங்குகிறதோ, அதுவே பழக்கமாகிறது; பழக்கம் நாளடைவில் மரபாகிறது. தமிழ்நாட்டில் 2011 இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தால், தம் வீட்டின் முதல் கணினியைப் பெற்ற மாணவர்கள் பலர். முதல் கணினி எந்த விசைகளோடு விழிக்கிறது என்பது அத்தகையோருக்குச் சிறிய செய்தியன்று.

மாற்றும் முறை

முன்னியல்பு என்பது தொடக்கமே, முடிவன்று. விண்டோஸில் அமைப்புகள் பகுதிக்குச் சென்று, மொழிகளின் பட்டியலில் தமிழைச் சேர்த்து, அதன் விருப்பத் தேர்வுகளில் தமிழ்99 அல்லது அஞ்சல் விசைப்பலகையைத் தெரிவு செய்யலாம். விண்டோஸ் விசையையும் இடைவெளி விசையையும் சேர்த்து அழுத்தினால் பலகைகள் மாறும். கடவுச்சொல் இடும் முன் எண்பூட்டு, கேப்ஸ் லாக் ஆகியவற்றின் நிலையையும் திரை ஓரத்தில் தோன்றும் மொழிக்குறியையும் ஒருமுறை நோக்குவது நன்று.

பள்ளி, நூலகம், இணைய சேவை மையம் ஆகியவற்றிலுள்ள பொதுக் கணினிகளில் ஒருவர் செய்யும் இச்சிறு மாற்றம், அடுத்து வந்து அமரும் பலருக்கும் பயன் தரும். சடையங்குப்பத்து மாணவியின் விண்ணப்பத்தில் வெள்ளம் வெள்ளமாகவே இருக்கவேண்டுமாயின், அவள் வந்து அமரும் முன்பே கணினியில் தமிழ் விழித்திருக்கவேண்டும்.