ஆண்டின் முதல் வாரம்

13ஆம் நூற்றாண்டிற் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், எழுத்திலக்கணங் கூறுமுன் பாயிரத்திலே ஆசிரியர் இயல்பையும் மாணாக்கர் இயல்பையும் வகுத்துரைக்கின்றது. அன்னமும் பசுவும் போல்வார் தலைமாணாக்கர். மண்ணுங் கிளியும் போல்வார் இடைமாணாக்கர். ஓட்டைக்குடம், ஆடு, எருமை, பன்னாடை போல்வார் கடைமாணாக்கர் என்பது அதன் பாகுபாடு.

புதிய வகுப்பிற் புகும் ஆசிரியர் இதனை முதல் வாரத்திலேயே முடிந்த தீர்ப்பாக்கிவிடலாகாது. சென்ற ஆண்டுப் புள்ளிகளைக் கண்டே கடையனெனக் கருதப்பட்ட மாணவன், ஆண்டிறுதிவரை ஒரு வினாவேனுங் கேட்கப்படாதிருத்தல் கூடும். பாடஞ் சொல்லும் முறையைக் கூறுமிடத்து அந்நூலே, அவசரமுஞ் சினமுமின்றி, மாணாக்கன் ஏற்குந் திறமறிந்து கற்பிக்குமாறு பணிக்கின்றது. ஆதலின் முதல் வாரத்திற் செய்யத்தக்கன, ஒவ்வொருவர் பெயரையும் அறிதலும், அவரை வாசிப்பித்தும் எழுதுவித்தும் முன்னறிவை அளத்தலுமாம். பிந்திய பாடத்தைப் பின்னர் ஈடுசெய்யலாம். தொடக்கத்திற் கைவிடப்பட்ட மாணவனை மீட்டல் அரிது.